வாரத்துக்கு ரெண்டா, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணா? ஒரு க்ளீனிங் பிளான் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், பாத்ரூம் டைல்ஸ் இப்ப பளிச்சுனு இருக்கு, வந்து வேலை செஞ்ச ரெண்டு பேரும் தங்கமானவங்க, அதுல ஒரு குறையும் இல்ல. இந்த ரிவ்யூ இவ்ளோ நீளமா போகப் போறதுக்குக் காரணம் பிளான் பேருல இருந்த ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. பை-வீக்லி. அந்த ஒரு வார்த்தையால எங்க வீட்ல மூணு நாள் சண்டை, கஸ்டமர் கேருக்கு நாலு கால், அப்பாவுக்கு பிபி, எனக்கு லீவு வேற ஒரு நாள் போச்சு. கம்பெனி பேர் போடல, போட்டா அடி வாங்கப் போறது பிளானுக்குப் பேர் வச்சவங்க இல்ல, பக்கெட் தூக்கிட்டு வர்றவங்க ரேட்டிங்தான் குறையும். தவிர இதே வார்த்தைய வேற ரெண்டு மூணு ஆப்லயும் பாத்துட்டேன், அதனால யாருக்கு வேணா நடக்கலாம்.

அப்பா அம்மா பெரம்பூர்ல ஒரு ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்ல இருக்காங்க. அம்மாவுக்கு முட்டி வலி, ஸ்டூல் போட்டு ஏறி ஃபேன் தொடைக்கறது, பாத்ரூம்ல குந்தி உக்காந்து தேய்க்கறது எல்லாம் நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. வேலைக்கு வந்துட்டு இருந்த அக்காவும் வீடு மாத்திட்டு ரெட் ஹில்ஸ் பக்கம் போயிட்டாங்க. அப்பத்தான் அப்பாவுக்கு அவங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் க்ரூப்ல ஒரு லிங்க் வந்திருக்கு, தொறந்தா நேரா அந்த பிளான் பக்கத்துக்கே போகுது, பை-வீக்லி ஹோம் க்ளீனிங், மாசம் 1,499 ரூபா, குறைஞ்சது மூணு மாசம் எடுக்கணும். அப்பா பணத்த கட்டிட்டு எனக்கு போன் பண்ணாரு, "பை-வீக்லி பிளான் போட்டுட்டேன்டா"ன்னு. நானும் "நல்லதுப்பா"ன்னுட்டு வச்சிட்டேன். அவர் மனசுல ஒரு கணக்கு, என் மனசுல ஒரு கணக்கு, ரெண்டு பேருமே கேட்டுக்கல, ஏன்னா ரெண்டு பேருக்குமே அந்த வார்த்தை நல்லா தெரிஞ்ச வார்த்தை.

ஜூலை 5ஆம் தேதி சனிக்கிழமை மொத விசிட். ஒரு அக்கா, கூட ஒரு தம்பி, ஒன்பதரைக்கு டான்னு பெல் அடிச்சாங்க. தண்ணியும் இழுக்கற மாதிரி ஒரு வேக்யூம், ரெண்டு பக்கெட், கலர் கலரா துணி. நீலத் துணி பாத்ரூமுக்கு மட்டும், மஞ்சத் துணி கிச்சனுக்கு மட்டும், மாத்தவே மாட்டாங்களாம், அம்மா இதக் கேட்டதுமே மனசுக்குள்ள அஞ்சு ஸ்டார் குடுத்துட்டாங்க. எங்க ஏரியா போர் தண்ணி உப்புத் தண்ணி, பைப்பு எல்லாம் வெள்ளை வெள்ளையா படிஞ்சு கல்லு மாதிரி இருக்கும், ஷவர்ல பாதி ஓட்டைல தண்ணியே வராது. அந்த அக்கா ஷவர் தலைய கழட்டக்கூட இல்ல, ஒரு பிளாஸ்டிக் கவர்ல வினிகர ஊத்தி ஷவர் அதுக்குள்ள முங்கற மாதிரி ரப்பர் பேண்ட் போட்டு கட்டித் தொங்க விட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டாங்க, ஒரு மணி நேரம் கழிச்சு அவுத்து பழைய டூத் பிரஷால தேய்ச்சாங்க, எல்லா ஓட்டையிலயும் தண்ணி வருது. பைப்புக்கும் அதே மாதிரிதான், துணிய நனைச்சு சுத்தி விட்டு ஊற வச்சுத் தேய்ச்சது.

ஃபேன் தொடைச்சது இன்னும் அழகு. பழைய தலகாணி உறைய எடுத்து ஃபேன் றெக்கைக்கு சட்டை மாட்டற மாதிரி மாட்டி, மேலயும் கீழயும் அழுத்திப் பிடிச்சு அப்படியே வெளிய இழுக்கறாங்க, தூசி மொத்தமும் உறைக்குள்ள, கட்டில்ல ஒரு பொட்டு விழல. நாங்க இத்தன வருஷமா ஈரத்துணிய வச்சுத் தொடைச்சு கண்ணுலயும் வாயிலயும் தூசிய வாங்கிட்டு இருந்தோம். அம்மா அன்னைக்கே கிழிஞ்ச தலகாணி உறை ரெண்டு எடுத்து தனியா வச்சுட்டாங்க.

குறைன்னு பாத்தா, சிம்னி ஃபில்டர் பிளான்ல கிடையாது, அதுக்குத் தனிக் காசு, ஜன்னல் க்ரில்லுக்கு வெளிப்பக்கமும் கிடையாது. பால்கனில தண்ணி போற ஓட்டைய அவங்க தொடவே இல்ல. ரெண்டாவது விசிட்டுக்கு முக்கா மணி நேரம் லேட், ஆனா கிளம்பும்போதே போன் பண்ணி சொல்லிட்டாங்க. இவ்ளோதான் க்ளீனிங் ரிவ்யூ, இதோட நிறுத்தியிருந்தா நாலரை ஸ்டார்.

இப்ப ஜூலை 9, புதன்கிழமை. காலைல ஏழு மணிக்கே அப்பா ஹால்ல இருந்த பேப்பர் கட்டு, பழைய சூட்கேஸ் எல்லாத்தையும் நகத்தி வச்சாச்சு, ஸ்க்ரீன் எல்லாம் கழட்டியாச்சு, அம்மாவ ஒன்பது மணிக்குள்ள சமையல முடிச்சு கிச்சன காலி பண்ணச் சொல்லியாச்சு. பத்து ஆச்சு, பதினொண்ணு ஆச்சு, யாரும் வரல. பதினொன்றரைக்கு கஸ்டமர் கேருக்கு போன். நான் அன்னைக்கு அங்கதான் இருந்து வேலை பாத்துட்டு இருந்தேன், ஸ்பீக்கர்ல போட்டதால முழுசா கேட்டேன்.

"சார், உங்க அடுத்த விசிட் 19ஆம் தேதி சார்."

"ஏம்மா, 5ஆம் தேதி வந்தாங்க, இந்த வாரம் ஒரு தடவ வரணும்ல?"

"இல்ல சார், உங்களுது பை-வீக்லி பிளான் சார்."

"அதத்தானே நானும் சொல்றேன், பை-வீக்லி!"

"ஆமா சார், பை-வீக்லி சார்."

இப்படியே ஒரு மூணு நிமிஷம். ரெண்டு பேரும் ஒரே வார்த்தைய மாத்தி மாத்தி சொல்றாங்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சத்தமா. கடைசில அந்தப் பொண்ணு பாவம் தமிழ்ல இறங்கி வந்து "பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா சார்"னு சொன்னாங்க, அப்பா போன வச்சிட்டாரு.

அப்பா ரயில்வேல 34 வருஷம், அதுல பாதி புக்கிங் ஆபீஸ்ல. ரயில்வேல வீக்லின்னா வாரத்துக்கு ஒரு நாள் ஓடற வண்டி, பை-வீக்லின்னா வாரத்துக்கு ரெண்டு நாள், ட்ரை-வீக்லின்னா மூணு நாள். டைம் டேபிள்லயும் அப்படித்தான், கவுண்டர்லயும் அப்படித்தான். கவுண்டர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ன எத்தனையோ ஆயிரம் பேருக்கு "அது பை-வீக்லி சார், செவ்வாயும் சனியும்தான்"னு சொன்ன மனுஷன், அவருகிட்ட போயி அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியலன்னு ஒருத்தர் சொன்னா எப்படி இருக்கும். பத்திரிகை உலகத்துலயும் இதேதான், நம்ம ஊர்ல வாரமிருமுறைன்னு அட்டைல போட்டு வர்ற இதழ இங்கிலீஷ்ல பை-வீக்லின்னு சொல்லுவாங்க, மாதமிருமுறை வர்றதுக்கு ஃபோர்ட்நைட்லின்னு வேற பேரு.

நான் பொழைக்கறது அதே வார்த்தைய வச்சுத்தான், ஆனா நேர் எதிர் அர்த்தத்துல. ஓஎம்ஆர்ல ஒரு ஆபீஸ்ல அமெரிக்க கிளையண்டுகளுக்கு பேரோல், அதாவது அவங்க ஆளுங்களோட சம்பளக் கணக்கு, பாக்கறேன். அங்க பை-வீக்லி பேன்னா ஒரு வெள்ளிக்கிழமை விட்டு ஒரு வெள்ளிக்கிழமை சம்பளம், ரொம்ப சகஜமான முறை. அதனால அப்பா போன்ல சொன்னப்ப எனக்கு சந்தேகமே வரல. அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டுல நான் சும்மா இருந்திருக்கலாம், இல்ல, வாய வச்சேன். "அப்பா, அவங்க சொல்றதும் சரிதான்"னேன். அவ்ளோதான்.

என்கிட்ட இருந்த நல்ல ஆயுதம் ஈபி பில்லு. தமிழ்நாட்டுல கரண்ட் பில்லு பை-மந்த்லி, ரீடிங் எடுக்கறவர் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவதான் வர்றாரு, மாசத்துக்கு ரெண்டு தடவையா வர்றாரு? மொத 100 யூனிட் ஃப்ரீங்கறதும் அந்த ரெண்டு மாசக் கணக்குக்குத்தான், 500 யூனிட்டத் தாண்டினா ரேட்டு டேபிளே மாறுதே, அதுவும் ரெண்டு மாசத்துக்குத்தான். ரிசர்வ் பேங்க் வட்டி விகிதம் பத்தி சொல்ற பை-மந்த்லி பாலிசியும் அப்படித்தான், வருஷத்துக்கு ஆறு தடவ, உங்க பையனோட ஹோம் லோன் ஈஎம்ஐ ஏறுமா இறங்குமான்னு நீங்களே டிவி முன்னாடி உக்காந்து பாக்கறீங்களேன்னு கேட்டேன். அப்பா ரசத்த ஊத்திக்கிட்டே கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "ஈபி வேற, ரயில்வே வேற"ன்னாரு. யோசிச்சுப் பாத்தா அதுதான் உண்மை. ஒரே ஊரு, ஒரே பை, ஸ்டேஷன்ல ஒரு அர்த்தம், மீட்டர் பெட்டில இன்னொரு அர்த்தம்.

சரி டிக்‌ஷனரிய பாத்துடலாம்னு பாத்தோம், அது இன்னும் மோசம். ஆக்ஸ்ஃபோர்டும் சரி, மெரியம் வெப்ஸ்டரும் சரி, பை-வீக்லிக்கு ரெண்டு அர்த்தத்தையுமே போட்டிருக்காங்க, வாரத்துக்கு ரெண்டு தடவ, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, பை-மந்த்லிக்கும் அதே கதி. தீர்ப்பு சொல்ல வேண்டிய ஜட்ஜு "ரெண்டு பேரு சொல்றதும் சரி"ன்னு எழுந்து போன மாதிரி. பைங்கறது லத்தீன்ல இருந்து வந்த ஒட்டு, அதுக்கு ரெண்டுன்னும் அர்த்தம், ரெண்டு தடவன்னும் அர்த்தம். பைசைக்கிள்ல இதுனால பிரச்சினை இல்ல, ரெண்டு சக்கரம், முடிஞ்சுது. காலத்தோட சேத்து ஒட்டும்போதுதான் எத ரெண்டால பெருக்கறது, எத ரெண்டால வகுக்கறதுன்னு தெரியாம போகுது. இதுல வேடிக்கை என்னன்னா வருஷத்துக்கு மட்டும் இங்கிலீஷ்காரங்களே உஷாராகி ரெண்டு தனித்தனி வார்த்த வச்சிருக்காங்க, பை-ஆன்யுவல்னா வழக்கமா வருஷத்துக்கு ரெண்டு தடவ, பை-என்னியல்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ. 2012 டிசம்பர்ல ஆரம்பிச்ச கொச்சி முசிறிஸ் பினாலேன்னு ஒரு பெரிய ஆர்ட் விழா இருக்குல்ல, அந்த பினாலேங்கறது இத்தாலிக்காரங்க வார்த்த, அர்த்தம் இந்த ரெண்டாவதுதான், ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு. வாரத்துக்கும் மாசத்துக்கும் ஏன் இந்த மாதிரி ஒரு தடுப்பு போடலன்னு தெரியல, போட்டிருந்தா எங்க வீட்ல அன்னைக்கு ரசம் ஆறியிருக்காது.

செமி-ன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குப் பாதின்னு ஒரே அர்த்தம்தான், செமி-வீக்லின்னா சந்தேகமே இல்லாம வாரத்துக்கு ரெண்டு. ஆனா நம்ம ஊர்ல யாரும் அத சொல்றதில்ல. அப்பா உடனே "அப்ப செமஸ்டரு?"ன்னாரு. இல்லப்பா, அது வேற வழில வந்தது, லத்தீன்ல ஆறு மாசம்ங்கறதுல இருந்து வந்த வார்த்த, பாதிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஃபோர்ட்நைட்டும் நல்ல வார்த்தைதான், பதினாலு ராத்திரிங்கறதோட சுருக்கம், பிரிட்டிஷ்காரங்க விட்டுட்டுப் போனத நாம இன்னும் வச்சிருக்கோம், அமெரிக்காவுல பெரும்பாலும் சொல்றதில்ல, என் கிளையண்ட் மீட்டிங்ல ஒரு தடவ சொல்லிட்டு நான் முழிச்சது தனிக்கதை. இந்த ஆப்காரங்க அமெரிக்க டெம்ப்ளேட் எதையோ அப்படியே எடுத்து வச்சிருப்பாங்கன்னு என் ஊகம்.

சரின்னு ஆப்ல மொழிய தமிழுக்கு மாத்திப் பாத்தேன். "இரு-வாராந்திர திட்டம்"னு வந்துச்சு. இதுக்கு இங்கிலீஷே தேவல. தமிழ்ல வாரம் இருமுறைன்னு ஒண்ணு, இரு வாரத்துக்கு ஒருமுறைன்னு ஒண்ணு, குழந்தைக்குக்கூட புரியும், அத விட்டுட்டு இங்கிலீஷ்ல இருக்கற அதே குழப்பத்த பொறுப்பா தமிழுக்கும் தூக்கிட்டு வந்திருக்காங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்த அம்மா, "பிரதோஷத்துக்குப் பிரதோஷம் வருவோம்னு போட்டிருந்தா முடிஞ்சுது"ன்னாங்க. அந்த ஆப்ல இருக்கற மொத்த எழுத்தையும் விட அது தெளிவு.

வெலையப் பாத்தாவது தெரிஞ்சிருக்கணும்னு நீங்க சொல்லலாம். நான் அப்புறம் ஆப்ல தேடிப் பாத்தேன், ஒரே ஒரு விசிட் மட்டும் போட்டா 899, வீக்லி பிளான் மாசம் 2,799. வீக்லிய விட பை-வீக்லி சல்லிசுன்னா அது கம்மி விசிட்டாத்தான் இருக்கணும். ஆனா அப்பாவுக்கு வந்த லிங்க்ல அந்த ஒரு பிளான் மட்டும்தான் தெரிஞ்சுது, மத்தது எல்லாம் பின்னாடி போயி இன்னொரு பக்கத்துல. எத்தன விசிட்டுங்கற நம்பர் எங்கயும் கிடையாது, நானும் கீழ வரைக்கும் தள்ளிப் பாத்துட்டேன், ஒரு 2ஓ 8ஓ இருந்திருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல.

இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சோம், ஆகஸ்ட்ல ரெண்டாவது கூத்து, இந்த தடவ மாட்டினது கம்பெனி. சனிக்கிழமை விட்டு சனிக்கிழமைன்னா ஜூலை 5, 19, அப்புறம் ஆகஸ்ட் 2, 16, 30. ஆகஸ்ட்ல மூணு விசிட் வந்துருச்சு. 30ஆம் தேதி வந்து செஞ்சுட்டுப் போயிட்டாங்க, மறுநாள் "கூடுதல் விசிட் 899 ரூபா"ன்னு கார்டுல எடுத்துட்டாங்க. நாங்க கூடுதலா எதுவும் கேக்கல, அவங்க காலண்டர் தானா போட்ட தேதி அது.

இது என் ஏரியா. பேரோல்ல புதுசா சேர்ற எல்லாரும் விழற குழி இதுதான், பை-வீக்லியும் செமி-மந்த்லியும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறது. மாசத்துக்கு ரெண்டு தடவன்னா வருஷத்துக்கு 24 சம்பளம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவன்னா 26. வருஷம் 52,000 டாலர் சம்பளம்னா 26ஆ பிரிச்சா தடவைக்கு 2,000, 24ஆ பிரிச்சா 2,166 டாலர் 67 சென்ட். தப்பா செட் பண்ணிட்டா வருஷக் கடைசில எத்தனை பேருக்குப் பதில் சொல்லணும் தெரியுமா. பை-வீக்லில வருஷத்துக்கு ரெண்டு மாசமாவது மூணு சம்பளம் வரும், அந்த மாசத்துக்காகவே அங்க ஆளுங்க காத்துட்டு இருப்பாங்க. இந்த க்ளீனிங் கம்பெனி விசிட்ட 26 கணக்குல போடுது, பில்ல 24 கணக்குல போடுது, நடுவுல இருக்கற அந்த ரெண்டு விசிட் யார் தலைல விழும்னு யோசிக்கவே இல்ல. அப்பாவுக்கு இங்கிலீஷ் புரியலன்னு ஜூலைல சொன்னவங்களுக்கு ஆகஸ்ட்ல அவங்க வார்த்தையே புரியல.

இத அப்படியே மெயில்ல எழுதினேன், தேதி போட்டு, கணக்கு போட்டு. மூணு நாள்ல பதில் வந்துச்சு, மரியாதையான பதில்தான், 899 திரும்பக் குடுத்தாங்க, ஆனா கார்டுக்கு இல்ல, ஆப் வாலட்டுக்கு. மூணு மாசத்துல செப்டம்பர் 13, 27 சேத்து மொத்தம் ஏழு விசிட், 4,497 ரூபா, விசிட்டுக்கு 642 ரூபா பக்கம் வருது. ரெண்டு பேர் மூணு மணி நேரம் வேலை செய்யறதுக்கு எனக்கு இது நியாயமாத்தான் படுது. பிளான் பேர மாத்துங்கன்னும் எழுதியிருந்தேன், அதுக்கு மட்டும் "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம்".

இப்ப யாராவது எடுக்கறதா இருந்தா, ரெண்டு பேர் மட்டும் இருக்கற வீட்டுக்கு பதினஞ்சு நாளைக்கு ஒண்ணு போதும், தினசரி பெருக்கித் தொடைக்க இது ஆகாது, அதுக்கு ஆள் தனியா வேணும். சின்னப் பசங்க இருக்கற வீடுன்னா வீக்லிதான். கட்டறதுக்கு முன்னாடி சாட்ல போயி "மாசத்துக்கு எத்தன விசிட், அஞ்சு சனிக்கிழமை வர்ற மாசத்துல எப்படி"ன்னு கேட்டு, அவங்க நம்பர்ல பதில் போட்டதும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. சிம்னிக்கு வாலட் காசு போதும்னு அம்மா கணக்குப் போட்டு வச்சிருக்காங்க.

க்ளீனிங்குக்கு நாலரை, பிளான் பேருக்கு ஒண்ணு, சேத்து மூணு ஸ்டார் போடறேன். அப்பா பிளான நீட்டிட்டாரு, ஆனா அந்த வார்த்தைய ஒத்துக்கல. சமையல்கட்டு காலண்டர்ல அக்டோபர் 11, 25ல செவப்பு மையால வட்டம் போட்டு, பக்கத்துல பொடி எழுத்துல எழுதி வச்சிருக்காரு, "ஃபோர்ட்நைட்லி".